பொம்பெயியை இரண்டு முறை பார்த்தோம்: நேப்பிள்ஸ் பயண மதிப்புரை

தென் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துக்கும், அதன் அருகே வெசூவியஸ் எரிமலை கி.பி. 79இல் புதைத்த பொம்பெயி, ஹெர்குலேனியம் ஆகிய ஊர்களுக்கும் 2025 ஏப்ரலில் நானும் என் மனைவியும் எழுபது வயதைக் கடந்த என் தாயாரும் சென்று வந்தோம். அங்கே தங்கியிருந்த ஆறு நாள்களில் பொம்பெயியை இரண்டு முறை பார்த்தோம். முதல் முறை ஒரு சுற்றுலா நிறுவனத்தின் பேருந்தில் போனோம். இரண்டாம் முறை புறநகர் ரயிலேறி நாங்களாகவே போனோம். இரண்டுக்கும் இடைப்பட்ட நாள்களில் நேப்பிள்ஸின் தொல்பொருள் அருங்காட்சியகத்தையும் ஹெர்குலேனியத்தையும் பார்த்து முடித்திருந்தோம். இரண்டாம் நாள் கண்டது வெறும் இடிசுவர்கள். ஐந்தாம் நாள் அதே இடத்தில் கண்டது மனிதர் வாழ்ந்த ஓர் ஊர். இடையில் மாறியது நாங்கள் பார்த்த வரிசை மட்டுமே. அந்த வரிசையைப் பற்றித்தான் இங்கே முக்கியமாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் அங்கே விற்கப்படும் ஒருநாள் சுற்றுலாக்களில் பெரும்பாலானவை அதைத் தலைகீழாக வைத்திருக்கின்றன.

முதலில் அந்தப் பேருந்துச் சுற்றுலா. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதே திட்டத்தை அதே விலைக்கு விற்கும் நிறுவனங்கள் அங்கே பல இருப்பதால் ஒன்றின் பெயரைச் சொல்லிப் பயனும் இல்லை. தலைக்கு 90 யூரோ கொடுத்து, பொம்பெயி, மதிய உணவு, வெசூவியஸ் மூன்றும் அடங்கிய திட்டத்தில் சேர்ந்தோம். காலை எட்டு மணிக்கு எங்களை ஏற்றிக்கொண்ட பேருந்து மற்ற விடுதிகளில் ஆள் சேர்த்து முடித்து நகரத்தைவிட்டு வெளியேறும்போது ஒன்பதே கால் ஆகிவிட்டது. வழியில், சிப்பியிலும் பவளத்திலும் உருவங்கள் செதுக்கி விற்கும் ஒரு கடையில் இறக்கிவிட்டு முப்பத்தைந்து நிமிடம் நிறுத்தினார்கள். கடற்கரையோர ஊரான தோர்ரே தெல் கிரேக்கோ இந்தக் கைவினைக்கு உண்மையிலேயே பேர்பெற்றது, செதுக்குபவரின் கைவேலையும் பார்க்கத் தக்கது; ஆனால் அந்த முப்பத்தைந்து நிமிடம் பொம்பெயிக்கு ஒதுக்கிய நேரத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதை யாரும் சொல்லவில்லை. மூன்று மணி நேரம் என்று அச்சிட்டிருந்த பொம்பெயிச் சுற்று ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் முடிந்தது. அதிலும் இருபது நிமிடம் பழைய விலைமாதர் விடுதியின் வாசலில் வரிசையில் நின்றே கழிந்தது.

காதில் மாட்டும் கருவி வழியாக வழிகாட்டி பேசிக்கொண்டே வேகமாக நடந்தார். மன்றம், அப்போலோ கோவில், பொதுக் குளியலகம் என்று பெயர்கள் வந்து விழுந்தன. பொற்காப்பு அணிந்த ஒரு தாயும் மடியில் அவள் குழந்தையும் சாம்பலில் உறைந்துபோன கதையைக் குரல் தழுதழுக்கச் சொன்னார்; அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. 2024 நவம்பரில் வெளியான மரபணு ஆய்வு, தாய் என்று இத்தனை காலமும் சொல்லப்பட்ட அந்த உருவம் ஓர் ஆணுடையது என்றும், அவருக்கும் அக்குழந்தைக்கும் இரத்த உறவு இல்லை என்றும் காட்டிவிட்டது. யாரோ ஒருவர் யாருடைய குழந்தையையோ அணைத்துக்கொண்டு இறந்திருக்கிறார் என்ற செய்தி பழைய கதையைவிட எந்த விதத்திலும் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஐந்து மாதங்கள் ஆன பிறகும் வழிகாட்டிக்கு அது தெரியாதிருந்ததுதான் வியப்பு. வெசூவியஸைப் பற்றி ஒரு வரி போதும்: 1,281 மீட்டர் உயரமுள்ள, 1944இல் கடைசியாகச் சீறிய அந்த மலையின் வாய் வரை செல்லும் பாதை சரளைக்கல் ஏற்றம் என்பதால் அம்மாவோடு நான் கீழேயே இருந்துவிட்டேன், மனைவி போய்வந்து காட்சி நன்றாக இருந்தது என்றார்.

அன்றிரவு விடுதிக்குத் திரும்பியபோது அம்மா கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அத்தனை வீடு பார்த்தோமே, ஒரு வீட்டிலாவது பாத்திரம் பண்டம் ஒன்றும் இல்லையே, ஏன்?" விடை மிகவும் எளிது. பொம்பெயியின் தெருக்கள் ஓரிடத்திலும் அவற்றின் வீட்டுச் சாமான்களில் பெரும்பகுதி ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. 1738இல் ஹெர்குலேனியத்திலும் 1748இல் பொம்பெயியிலும் அகழ்வைத் தொடங்கிவைத்தவர் அப்போது நேப்பிள்ஸை ஆண்ட பூர்போன் வமிசத்து மன்னர் சார்லஸ். தோண்டக் கிடைத்த நல்ல சிலைகளும் சுவரிலிருந்து வெட்டி எடுத்த ஓவியங்களும் அரசனின் சேகரிப்புக்குப் போயின. அச்சேகரிப்பே பின்னர் இன்றைய தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகமாக ஆனது. ஆகவே பொம்பெயியை மட்டும் பார்த்துத் திரும்புபவர், சாமான்களைக் காலி செய்த வீட்டைச் சுற்றிப் பார்த்தவராகிறார்.

அருங்காட்சியகத்துக்கு மூன்றாம் நாள் முழுவதையும் கொடுத்தோம். செவ்வாய்க்கிழமை அதற்கு விடுமுறை என்பதை முன்கூட்டியே கவனித்துக்கொள்ள வேண்டும். கீழ்த்தளத்தில் ஃபர்னேசே குடும்பத்துச் சேகரிப்பான ரோமானியச் சிலைகள் உள்ளன. மூன்று மீட்டருக்கும் மேலான உயரத்தில் தண்டின் மீது சாய்ந்து களைத்து நிற்கும் ஹெர்குலிஸும், ரோமில் காரகல்லா குளியலகத்திலிருந்து எடுத்த, காளையோடு பிணைந்த பெரிய சிற்பத் தொகுதியும் எவரையும் நிறுத்திவிடும். ஆனால் எங்கள் நோக்கம் வேறு என்பதால் அவற்றை விரைவாகக் கடந்தோம். மேலே, கரியாகிப்போன ஒரு ரொட்டி இருக்கிறது. எட்டுத் துண்டாகப் பிட்டுக்கொள்ள வசதியாக மேலே கீறல் போட்டுச் சுட்ட வட்ட ரொட்டி; அதன் மீது முத்திரை ஒன்று. குயின்டுஸ் கிரானியுஸ் வேருஸ் என்பவரின் அடிமை செலெருக்கு உரியது என்று அம்முத்திரை சொல்கிறது. ஊரெல்லாம் ஒரே அடுப்பில் சுடக் கொடுக்கும்போது மாறிப் போகாமலிருக்க இட்ட அடையாளம் என்று விளக்குகிறார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் வாங்க ஆள் வராத ரொட்டி அது. அதன் முன்னால் நாங்கள் நின்ற நேரம், முந்தைய நாள் மன்றத்தில் நின்ற நேரத்தைவிட அதிகம்.

அறுவைக் கருவிகள், தராசுகள், நீலக் கண்ணாடிக் குவளைகள், கணவனும் மனைவியுமாக நம்மைப் பார்த்து நிற்கும் ஓவியம் என்று அந்தத் தளம் வீட்டுப் பொருள்களால் நிறைந்திருக்கிறது. அலெக்சாந்தரும் பாரசீக மன்னன் தாரியஸும் மோதும் போர்க்காட்சியைப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு கற்களால் இழைத்த தரை ஓவியம் இங்கேதான் உள்ளது. 1831இல் பொம்பெயியின் ஃபான் இல்லத்தில் கிடைத்தது. நாங்கள் சென்றபோது அதைச் செப்பனிடும் பணி நடந்துகொண்டிருந்ததால் முழுமையாகப் பார்க்கக் கிடைக்கவில்லை. இதற்காகவே செல்பவர்கள் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. அருங்காட்சியகத்தின் குறை என்று சொல்வதானால், எந்தக் கூடம் எந்த நாளில் மூடியிருக்கும் என்பது நுழைவுச்சீட்டு வாங்கும்வரை தெரிவதில்லை. விளக்கப் பலகைகளும் எல்லாக் கூடங்களிலும் ஒரே தரத்தில் இல்லை.

தமிழ் வாசகர்களுக்காக ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். 'இரகசிய அறை' என்று பெயரிட்டு, பொம்பெயியில் கிடைத்த காமம் சார்ந்த படைப்புகளை நெடுங்காலம் பூட்டி வைத்திருந்த ஒரு பகுதி இங்கே உண்டு; 2000ஆம் ஆண்டு முதல் எல்லாரும் பார்க்கலாம். அங்கே, ஒரு சாணுக்குச் சற்றே கூடுதல் உயரமுள்ள யானைத்தந்தப் பெண்ணுருவம் ஒன்று நிற்கிறது. கைநிறைய வளையல், கால்நிறையத் தண்டை, இருபுறமும் சிறிய தோழியர். 1938இல் பொம்பெயியின் ஒரு வீட்டில் கிடைத்த அதற்கு 'பொம்பெயி லட்சுமி' என்று பெயர் வைத்தார்கள். இயக்கி (யக்ஷி) உருவமாகவே இருக்கும் என்பார் பலர். ஆடை குறைவு என்பதைத் தவிர அந்த அறையில் அவளுக்கு வேலை இல்லை. அடிப்பகுதியில் கரோஷ்டி எழுத்து பொறித்திருப்பதால் வடமேற்கு இந்தியத் தொடர்பு தெரிகிறது. நம் துறைமுகம் வழியாகப் போனவள் என்று உரிமை கொண்டாட வழியில்லை. ஆனால் அவளைக் கொண்டுசேர்த்த வணிகம் நமக்கு நன்கு தெரிந்த யவன வணிகம்தான். ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டெர்ஸ் காசு இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று புலம்பியவரும், காரத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத மிளகை மக்கள் ஏன் இப்படி விரும்புகிறார்கள் என்று வியந்தவருமான ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி இந்த வளைகுடாவில் கடற்படைத் தலைவராக இருந்தவர். பொம்பெயியைப் புதைத்த அதே வெடிப்பின்போது பக்கத்து ஊரான ஸ்தாபியேயில் இறந்தவர். ஒரு ராத்தல் கருமிளகு நான்கு தெனாரியுஸ் வெள்ளிக்காசு, வெள்ளை மிளகு ஏழு என்று விலையைக்கூட எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நான்காம் நாள் ஹெர்குலேனியம். நேப்பிள்ஸிலிருந்து சொரெண்டோ வரை வெசூவியஸின் அடிவாரத்தையொட்டி ஓடும் புறநகர் ரயிலில் இருபது நிமிடத்தில் எர்கொலானோ ஸ்காவி நிலையம் வரும். அங்கிருந்து கடலை நோக்கிச் சரியும் நேர்த்தெருவில் அரைக் கிலோமீட்டர் நடந்தால் வாயில். நாங்கள் கொடுத்த கட்டணம் தலைக்கு 16 யூரோ. உள்ளே நுழைந்ததும் முதலில் தெரிவது ஊர் அன்று, பள்ளம். பொம்பெயியின் மீது முதலில் நுரைக்கல் மழையாகப் பொழிந்து கூரைகளை இடித்தது. ஹெர்குலேனியத்தின் மீதோ அனல் கக்கும் சாம்பல் வெள்ளமாக வந்து இருபது மீட்டர் ஆழத்துக்கு மூடிப் பாறையாக இறுகிவிட்டது. அதன் மேலேதான் இன்றைய எர்கொலானோ குடியிருக்கிறது. பள்ளத்தின் விளிம்பில் துணி காயும் மாடிவீடுகளையும், அவற்றுக்குக் கீழே ரோமானிய மாடிவீடுகளையும் ஒரே பார்வையில் பார்க்க முடிகிறது. தோண்டியிருப்பது நான்கரை ஹெக்டேர் மட்டுமே. மீதி, மேலே உள்ள வீடுகளின் அடியில்.

அளவில் சிறியதாக இருப்பதே இந்த ஊரின் பலம். பிற இடங்களில் எரிந்தோ மக்கியோ போன மரம் இங்கே கரியாகி நின்றுவிட்டது. கூரை உத்தரம், மாடிப்படி, கட்டில், கடையில் சாடிகளை அடுக்கும் பரண், ஒரு வீட்டின் கூடத்தைப் பிரிக்கும் மடக்குத் தட்டி வரை நேரில் பார்க்கலாம். கடல் தெய்வங்களான நெப்டியூனும் ஆம்ஃபித்ரிதேயும் நிற்கும் கண்ணாடிக்கல் ஓவியம், நேற்று முடித்த வேலைபோல நீலமும் பொன்னுமாக ஒளிர்கிறது. அம்மா ஒவ்வொரு வீட்டிலும் நுழைந்து, "இது முற்றம், இது நடை, இது சமையற்கட்டு" என்று தானே பெயர் சொல்லிக்கொண்டு போனார். வானம் பார்த்த நடுமுற்றமும், மழைநீர் விழுந்து நிறைய அதன் நடுவே ஒரு தொட்டியும், சுவரில் வீட்டுத் தெய்வத்துக்கு ஒரு மாடமும் உள்ள வீட்டை நம்மூர்க்காரருக்கு விளக்க வழிகாட்டி தேவையில்லை. அந்த மாடத்தை ரோமானியர் லாராரியம் என்றார்கள்.

பள்ளத்தின் அடியில், அன்றைய கடற்கரை. ஊரார் எல்லாரும் தப்பிவிட்டார்கள் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1980களில் கடற்கரையோரப் படகுக் கொட்டகைகளைத் தோண்டியபோது, மீட்புப் படகுக்காகக் காத்திருந்தபடியே இறந்த முந்நூறு பேரின் எலும்புகள் கிடைத்தன. அங்கே இப்போது கிடத்தியிருப்பவை அச்செடுத்த பிரதிகள். ஆனாலும் சிறுபிள்ளைகளோடு போகிறவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். பக்கத்துக் கூடத்தில் ஏறத்தாழ ஒன்பது மீட்டர் நீளமுள்ள ஒரு மரப்படகு கருகிய நிலையில் காட்சிக்கு இருக்கிறது. மூன்றரை மணி நேரத்தில் ஊர் முழுவதையும் அவசரமின்றிப் பார்த்து முடித்தோம். ஒரே ஒரு நாள்தான் கையில் உள்ளது, எதைப் பார்ப்பது என்று கேட்பவருக்கு, பேர்பெற்ற பொம்பெயியை விட்டுவிட்டு ஹெர்குலேனியத்துக்குப் போகச் சொல்வேன்.

ஐந்தாம் நாள் மீண்டும் பொம்பெயி. அதே ரயில் தடத்தில் நாற்பது நிமிடத்துக்குள் நிலையம், நிலையத்தின் எதிரிலேயே மரீனா வாயில். 2024 நவம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்து, சீட்டில் பெயரும் அச்சிட்டுத் தருகிறார்கள். கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். நாங்கள் போனபோது நகரத்துக்குள் மட்டும் செல்லும் சீட்டு 18 யூரோவாகவும், ஊருக்கு வெளியே உள்ள மர்ம மாளிகையையும் சேர்த்துப் பார்க்கும் சீட்டு 22 யூரோவாகவும் இருந்தது. சிவப்புப் பின்னணியில் ஆளுயர உருவங்கள் சுவரைச் சுற்றி வரும் அந்த மாளிகையின் ஓவியக் கூடத்துக்காக மிகுதிக் கட்டணத்தைத் தயங்காமல் கொடுக்கலாம். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம் என்பதால் கூட்டம் மிகும்; அன்று போகாமலிருப்பதே சிக்கனம்.

இம்முறை உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரை வாயிலில் இரண்டு மணி நேரத்துக்கு அமர்த்திக்கொண்டோம். எதைப் பார்த்தால் போதும், எதை விடலாம் என்று எங்களிடம் கேட்டுவிட்டுத் தொடங்கிய அந்தப் பெண்மணி, முதலில் காட்டியது தெருவை. சேறும் கழிவும் ஓடும் தெருவைக் கால் நனையாமல் கடக்கத் தெருவின் குறுக்கே உயர்த்திப் போட்ட கற்கள், அக்கற்களுக்கு இடையே வண்டிச் சக்கரம் உரசி உரசி விழுந்த பள்ளங்கள், இருட்டில் வழி தெரிய இடையிடையே பதித்த வெள்ளைக் கற்கள், நீர்த்தொட்டியின் விளிம்பில் தலைமுறை தலைமுறையாகக் கை ஊன்றிக் குடித்ததால் ஏற்பட்ட தேய்மானம். இவற்றையெல்லாம் இரண்டாம் நாளும் மிதித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறோம், பார்க்கவில்லை. அடுமனையில் எரிமலைக் கல்லாலான எந்திரங்கள் ஆளுயரத்துக்கு வரிசையாக நின்றன. கழுதையைப் பூட்டிச் சுற்றவைப்பார்கள் என்றதும், நம் செக்கையும் எந்திரக்கல்லையும் ஒன்றாகச் சேர்த்ததுபோல் இருக்கிறது என்றார் அம்மா. பின்னால் இருந்த அடுப்பைப் பார்த்தபோது செலெரின் ரொட்டி மூவருக்குமே நினைவுக்கு வந்தது. இந்த அடுப்பில் சுட்டதில்லைதான், ஆனால் அடுப்பு இனி வெறும் செங்கல் வளைவாக இல்லை. ஃபான் இல்லத்தின் தரையில் அலெக்சாந்தர் ஓவியத்தின் நகல் பதித்திருக்கிறார்கள்; அதைக் கண்டு நாங்கள் ஏமாறவில்லை, மூலம் எங்கே என்று தெரியும்.

வெத்தி இல்லம் நெடுநாள் பணிக்குப் பின் 2023 ஜனவரியில் மீண்டும் திறந்திருக்கிறது. விடுதலை பெற்ற அடிமைகளாயிருந்து செல்வந்தரான இருவர் தம் பணத்தை ஒளிக்காமல் காட்டிக்கொண்ட வீடு. ஓவியம் இல்லாத ஒரு முழத்தைத் தேட வேண்டும். 2021இல் பார்வைக்குத் திறந்த சிற்றுண்டிக் கடை ஒன்றில், சூடான உணவை வைக்கக் குழியிட்ட மேடையும் அதன் முகப்பில் வாத்தும் சேவலும் தீட்டிய ஓவியமும் அப்படியே உள்ளன. ஊரின் தென்கிழக்கில் தப்பியோடியவர்களின் தோட்டம். உடல் மக்கிப்போன வெற்றிடத்தில் சுண்ணச்சாந்தை ஊற்றி உருவத்தை மீட்கும் முறையை 1863இல் அகழ்வுக்குப் பொறுப்பாயிருந்த தொல்பொருளாளர் ஃபியொரெல்லி செம்மைப்படுத்தினார். அவ்வாறு எடுத்த பதின்மூன்று உருவங்கள் அங்கே வரிசையாகக் கிடக்கின்றன. கூட்டமாக வருகிறவர்கள் இத்தனை தூரம் நடப்பதில்லை என்பதால் நாங்கள் போனபோது வேறு எவரும் இல்லை. அருகில் உள்ள வட்ட அரங்கு, கல்லால் கட்டியவற்றுள் இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது, கி.மு. 70ஐ ஒட்டிக் கட்டியது. கி.பி. 59இல் பொம்பெயியினரும் பக்கத்து ஊர் நுகேரியாவினரும் ஆட்டம் பார்க்க வந்த இடத்தில் வெட்டிக்கொண்டதால் பத்தாண்டுகளுக்கு அங்கே ஆட்டமே கூடாது என்று ரோம் தடை விதித்தது. இரசிகர் சண்டைக்கு மைதானத்தை மூடும் வழக்கத்துக்கு வயது இரண்டாயிரம் ஆகப் போகிறது.

முதியவரோடு செல்பவர்களுக்குச் சில சொல்ல வேண்டும். நிழல் மிகக் குறைவு. ஏப்ரலிலேயே பதினொரு மணிக்கு மேல் கல் சுட்டது. தெருக்கற்கள் மேடுபள்ளமானவை, வழுவழுப்பானவை, செருப்பு உதவாது. சக்கர நாற்காலி செல்லத்தக்க மூன்றரைக் கிலோமீட்டர் வழி ஒன்றை அமைத்திருக்கிறார்கள், அம்மா பாதி நேரம் அந்த வழியிலேயே நடந்தார். பழைய நீர்த்தொட்டிகளிலேயே குடிநீர்க் குழாய் வைத்திருப்பதால் காலிப் புட்டி ஒன்று போதும். முப்பது சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பையை உள்ளே விடுவதில்லை. புறநகர் ரயில் பழையது, காலை வேளையில் நெரிசலானது, சட்டைப்பையில் கவனம் வேண்டும். ஆனால் மூவரின் நுழைவுச்சீட்டும் ரயில் செலவும் வழிகாட்டிக்குக் கொடுத்ததும் எல்லாம் சேர்த்தும், இரண்டாம் நாள் பேருந்துக்குக் கொடுத்த 270 யூரோவை எட்டவில்லை. மூன்று நாளில் பல இடம் பார்ப்பவர்களுக்கு, முதல் இரண்டு இடங்களை இலவசமாகவும் மற்றவற்றைச் சலுகையிலும் தந்து போக்குவரத்தையும் உள்ளடக்கும் கம்பானியா ஆர்த்தேகார்ட் என்னும் சுற்றுலா அட்டை இலாபமாக இருக்கும்.

நேப்பிள்ஸ் நகரத்தை இடிபாடுகளுக்குப் போகும் வழியில் தங்கும் ஊராக மட்டும் நினைப்பவர்கள் பலர். கிரேக்கர் 'புதிய நகரம்' என்ற பொருளில் நெயாபோலிஸ் என்று பெயரிட்டு வகுத்த தெருக்களின் கோட்டிலேயே இன்றும் மோட்டார் சைக்கிள்கள் பறக்கின்றன. ஊரை நேர்கோட்டில் கீறிச் செல்லும் ஸ்பாக்கானாபொலித் தெரு அத்தகையது. சான் லொரென்சோ மஜ்ஜோரே தேவாலயத்தின் கீழே படியிறங்கினால், ரோமானியச் சந்தைத் தெரு ஒன்று கடைகளோடு அப்படியே கிடக்கிறது. பொம்பெயிக்குப் போக நேரமில்லாதவர்கள்கூட இதைப் பார்த்துவிடலாம். அங்கிருந்து சில அடி தூரத்தில், இயேசு பிறப்புக் குடில் பொம்மைகள் செய்யும் சான் கிரெகோரியோ அர்மேனோ தெரு. தச்சனும் மீன்காரியும் பீட்சா சுடுபவரும் அரசியல்வாதிகளும் மாரடோனாவும் வரிசையாக நிற்கும் அந்தக் கடைகளில் எங்கள் வீட்டுக் கொலுவுக்கென்று அம்மா ஒரு ரொட்டிக்காரனை வாங்கிக்கொண்டார். சான்செவேரோ சிற்றாலயத்தில், இறந்த கிறிஸ்துவின் மீது போர்த்திய மெல்லிய துகிலையும் அதன் அடியில் தெரியும் நரம்பையும் ஒரே பளிங்கில் 1753இல் ஜுசெப்பே சன்மார்தினோ செதுக்கியிருக்கிறார். துணியையே கல்லாக மாற்றினார்கள் என்று ஊரார் கதை கட்டியதில் வியப்பில்லை. படம் எடுக்க அனுமதி இல்லை, முன்பதிவு இல்லாமல் இடமும் இல்லை, செவ்வாயன்று இதுவும் விடுமுறை. மாறாக, நிலத்தடிச் சுரங்கங்களில் ஒன்றைக் காட்டும் சுற்று எங்களுக்குப் பிடிக்கவில்லை. கிரேக்கர் கல் வெட்டிய குழி, பின்னர் நீர்த்தேக்கம், பிறகு போர்க்காலப் பதுங்கிடம் என்று அதன் வரலாறு பெரிது. ஆனால் குறுகிய வழியில் நாற்பது பேரை வரிசையாக நடத்தி நகைச்சுவை சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

உணவைப் பற்றி மரக்கறி உண்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. தக்காளியும் பூண்டும் மட்டும் இட்ட மரினாரா பீட்சாவும் கத்தரிக்காய்ப் பார்மிஜானாவும் எங்கும் கிடைக்கும். பாலாடைக்கட்டி சிலவற்றில் கன்றின் இரைப்பைச் சாறு சேர்ப்பதும், உப்புத் தின்பண்டங்கள் பலவற்றில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதும் வழக்கம் என்பதால் கேட்டு வாங்க வேண்டும். காப்பியை நின்றபடி குடித்தால் பல கடைகளில் விலை குறைவு.

கடைசி நாள் காலை மெட்ரோவில் பொட்சுவோலிக்குப் போனோம். எந்தச் சுற்றுலாத் திட்டத்திலும் இதைக் காணவில்லை. அலெக்சாந்திரியாவிலிருந்து மிளகும் துணியும் ஏற்றிய கப்பல்கள் வந்து சேர்ந்த புதெயோலி துறைமுகம் இதுவே. ரோமுக்குக் கைதியாகச் சென்ற புனித பவுல் கரையிறங்கியதும் இங்கேதான். இவ்வட்டாரத்துக் கருமணல் கலந்த மண்ணால் வனைந்த ஒயின் சாடிகளின் துண்டுகள் கேரளத்தில் பட்டணம் என்னும் ஊரின் அகழ்வில் கிடைத்திருக்கின்றன என்பதை நினைத்துக்கொண்டு துறையைப் பார்த்தால், அது வெறும் மீன்பிடித் துறையாகத் தெரியாது. நகரின் நடுவே ரோமானியச் சந்தையின் மூன்று பெருந்தூண்கள் நிற்கின்றன. இங்கே வெசூவியஸ் அல்லாத வேறோர் எரிமலை வெடிக்காமலே நிலத்தைத் தாழ்த்தியும் உயர்த்தியும் விளையாடுகிறது. நாங்கள் போவதற்கு ஒரு மாதம் முன்பு, 2025 மார்ச் 13 அன்றும் நிலம் நடுங்கியிருந்தது. தூண்கள் ஒரு காலத்தில் கடலில் மூழ்கியிருந்து மீண்டும் மேலே வந்தவை என்பதற்குச் சான்று, ஆளுயரத்துக்கு மேலே பட்டையாக ஓடும் துளைகள். பார்க்கக் கட்டணம் கிடையாது, சாலையோரக் கம்பியில் சாய்ந்து நின்றே பார்க்கலாம். உளுத்த மரம்போல் இருக்கிறதே என்றார் அம்மா. கல்லைத் துளைத்துக் குடியிருந்தது கடற்சிப்பி என்று சொன்னேன். அவர் துளைகளை இன்னொரு முறை பார்த்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று முன்னால் நடந்தார்.